குழாய்ப் பிரிவின் கேள்விகள்

"ரெண்டு ரோட்டுக்கு அடியில ஒரே குழாய் போனா, உங்க அமைப்பு அதை எந்த ரோட்டோட சேர்க்கும்?"

நிறைந்த கூட்டத்தில் இப்படிக் கேட்டது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரன்தான்.

கேள்வியைக் குறித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வரைபட மென்பொருள் செய்கிற அலுவலகம் அது. அவள் சாலைப் பிரிவு, அவன் தண்ணீர்க் குழாய்ப் பிரிவு. தீயணைப்புத் துறைக்கு ரோடும் குழாயும் ஒரே திரையில் வேண்டுமாம். இரண்டு பிரிவும் தகவலை ஆளுக்கொரு விதமாக அடுக்கி வைத்திருந்தால் அது எப்படி நடக்கும்? இருவருக்கும் பொதுவாக ஒரே தகவல் அமைப்பு வேண்டும். யாருடைய வரைவு ஜெயிக்கிறதோ, அவருக்கே புதுப் பிரிவின் தலைமைப் பதவி.

அந்தப் பதவிக்கு அவள் தவமாய்த் தவம் கிடந்தாள்.

"போன வாரமும் இப்படித்தான். இடம் தெரியாத குழாய்க்கு என்ன போடுவீங்கன்னார். பூஜ்யம்னேன். அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டுக்கும் பூஜ்யம் போட்டா குழாய் ஆப்பிரிக்கா பக்கம் நடுக்கடல்ல போய் விழும்னார். அத்தனை பேரும் சிரிக்கிறாங்க!" என்று அலுவலகத் தோழியிடம் பொருமினாள்.

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? அங்க சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? சபையில வச்சா மானத்தை வாங்கணும்?"

"வீட்டுல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடும் அவருக்கு."

உண்மைதான். வீட்டில் அவன் பாத்திரம் கழுவுவான், "டீ போடட்டுமா?" என்பான். அதோடு சரி.

ரோஷம் சும்மா விடுமா? உட்கார்ந்து தன் வரைவை இழை இழையென்று இழைத்தாள். தெரியாத இடத்துக்குத் 'தெரியாது' என்றே ஒரு கட்டம் வைத்தாள். குழாயைத் துண்டாக்காமல் இரண்டு ரோட்டோடும் இணைத்தாள். அடுத்த கூட்டத்தில் அவன் தொண்டையைச் செருமும்போதே முந்திக்கொண்டாள்.

"நீங்க வடக்கு அளவை முதல்ல எழுதுறீங்க, நாங்க கிழக்கை. மாத்திப் போட்டா ஊரே இடம் மாறிடும். அதுக்கும் வழி பண்ணியாச்சு. வேற சந்தேகம்?"

"இல்லை."

அன்றைக்குக் கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

சோதனை நாளும் வந்தது.

"குழாய்ப் பிரிவு வரைவு எங்கே?" என்றார் மேலாளர் அம்மா.

"தயாராகலை மேடம்."

கேலி பண்ண வேறென்ன வேண்டும்? பின்வரிசை களுக்கென்றது.

மேலாளர் அம்மா, அவள் வரைவு ஓடிய திரையில் ஒரு சந்தின் மேல் விரல் வைத்தார். "இங்க தீப்பிடிச்சிருக்கு."

கண் இமைப்பதற்குள் வண்டி போக வேண்டிய வழி, பக்கத்துத் தண்ணீர்க் குழாய் எல்லாம் வந்து நின்றன. இடம் உறுதியில்லாத குழாய்கள் தனி நிறத்தில். எங்கே தொட்டாலும் அப்படியே! தீயணைப்பு அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார்.

"இதை நம்பி வண்டியை எடுக்கலாம்மா!"

"புதுப் பிரிவு இனி உங்களுது" என்றார் மேலாளர்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோழியையும் இழுத்துக்கொண்டு நேரே கணவன் மேசைக்குப் போனாள்.

"தோத்துட்டீங்க சார்! எங்கே உங்க அரைகுறை வரைவு? காட்டுங்க, நானும் நாலு ஓட்டை சொல்றேன்."

"அப்படி ஒண்ணு கிடையாது. உன் முதல் வரைவைப் பார்த்த அன்னைக்கே என்னுதை அழிச்சிட்டேன். உன்னுது அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"அப்ப எதுக்கு என்னைச் சபையில நார்நாராக் கிழிச்சீங்க? வீட்டுல சொல்லியிருக்கலாமே!"

"வீட்டுல சொல்லியிருந்தா, 'புருஷன் செஞ்சு கொடுத்தான்'னு பேசுவாங்க. இப்ப எவனாவது அப்படிச் சொல்லட்டும், பார்ப்போம்!"