இரண்டு பச்சையம்மாள்

அரியலூர் ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்த காலை வெயில் பெஞ்சின் காலடியில் கிடக்கிறது. "பச்சையம்மாள்... சாதா கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல," என்கிறாள் உறையைப் பிரித்த கவுண்டர் பெண். பெஞ்சின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பெண்கள் எழுகிறார்கள். இருவருக்கும் போன உயிர் ஒன்றாகத் திரும்புகிறது. "யாருக்கு எந்த ஊரு?" என்கிறாள் கவுண்டர் பெண். "எனக்குத் திருமழபாடிங்க." "நான் ஆண்டிமடம்." கவுண்டர் பெண் தாளைப் பார்க்கிறாள். "ஆண்டிமடம் வாங்க." திருமழபாடிக்காரி, வந்த உயிரை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்கிறாள், முந்தானை நுனி விரலைச் சுற்றி இறுகுகிறது. உறையை மஞ்சள் பைக்குள் வைத்து வாசல் வரை போன ஆண்டிமடத்துக்காரி, திரும்பி வந்து அவளை ஒட்டி உட்கார்கிறாள். "பஸ்ஸு போயிடாதா?" "போவட்டும். நம்ம பேர இன்னொரு வாட்டி கூப்புடட்டும், அப்புறம் போறேன்."