எந்தப் பக்கம் தலை?

"ராத்திரி எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பீங்க?"

முத்தாயிக்குக் கேள்வியே புதிதாக இருந்தது. "செவுத்துப் பக்கமுங்க" என்றாள்.

வந்தவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "இந்தக் கம்மலக் கழட்டறது உண்டுங்களா?"

"இல்லீங்க. கல்யாணத்துக்குப் போட்டது."

"கை, காலு எப்பவாச்சும் ஒடஞ்சிருக்குங்களா?"

"எடது மணிக்கட்டுங்க. மொளகு பறிக்கறப்ப ஏணி சாஞ்சிருச்சு."

அதையும் எழுதினாள்.

பக்கத்தில் நின்ற பொன்னுவேலுக்கு என்னவோ போலிருந்தது. மாரமங்கலத்துக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பதினோரு வீட்டுக்கும் அவன்தான் பொறுப்பு. நாலு நாளாக மழை விடவில்லை. காலையில் வந்த அதிகாரி சமுதாயக் கூடத்துச் சுவரில் படம் காட்டி, ஒரு மணி நேரம் மைக்கில் பேசினார். மில்லிமீட்டர், சதவீதம், சிவப்பு எச்சரிக்கை. மலை சரியலாம், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். சனங்கள் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மூன்று மணிக்கு, மேகம் தரையில் இறங்கி எதிர்வீடு தெரியாமல் போன நேரத்தில், இவள் தனியாக நடந்து வந்தாள். குடை இல்லை. ஏதோ நிவாரணக் கணக்கெடுப்பு என்று நினைத்து எல்லோரும் முத்தாயி வீட்டுத் தகரத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால் எல்லோரும் கிட்டே வந்து நின்று கேட்டார்கள். ஒவ்வொருவர் முகத்தையும், மனப்பாடம் செய்கிறவள் போலச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தாள்.

பொன்னுவேலின் ஆறு வயது மகள் கவிப்பிரியாவின் முறை வந்தது.

"கண்ணு, ஆ காட்டு. எந்தப் பல்லு விழுந்துச்சு?"

குழந்தை சிரித்துக்கொண்டே காட்டினாள். அவள் எழுதிவிட்டு, அந்தச் சின்னக் கையை நோட்டின்மேல் வைத்து, விரல்களைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்தாள்.

"ஏனுங்க, இதெல்லாம் எதுக்குங்க?" பொன்னுவேல் குழந்தையின் கையை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மண்ணத் தோண்டறப்ப மொகம் தெரியாதுங்க. பல்லு, கம்மலு, ஒடஞ்ச எலும்பு, இத வெச்சுத்தான் இன்னாருன்னு பிரிக்கணும். தலை எந்தப் பக்கம்னு தெரிஞ்சா அங்க மம்பட்டி படாமத் தோண்டலாமுங்க."

முத்தாயியின் கை காதுக்குப் போனது. அவள்தான் முதலில் வீட்டுக்குள் போய் மூட்டையோடு வெளியே வந்தாள். அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு பேரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஆறு மணி சுமாருக்கு லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். மேகம் விலகியபோது, ஊர் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது.

சேதி கேட்டு அதிகாரி ஜீப்பில் வந்தார். எல்லோரையும் உயிரோடு பார்த்ததும் ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தார்.

"உங்க ஆபீஸ் அம்மாதானுங்க காப்பாத்துனாங்க" என்றான் பொன்னுவேல்.

"நாங்க யாரையும் அனுப்பலையே."

பொன்னுவேல் அவளைத் தேடி ஓடினான். வராண்டாக் கோடியில், கீழே கிடந்த மண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் முதலில் அவள் பாதத்தைத்தான் பார்த்தான். பாதம் இருந்தது. கணுக்கால் வரை சேறு.

"அம்மா, நீங்க ஆருங்க? இப்படிக் கேக்கறதுக்கு எங்க கத்துக்கிட்டீங்க?"

"பேரு அற்புதமுங்க. ஓடைக்கரட்டுக்காரி."

ஓடைக்கரடு, போன வருஷ மழையில் மண்ணுக்குள் போன ஊர்.

"நான் அன்னிக்குச் சேலத்துல இருந்தனுங்க. வேற ஆரும் மிஞ்சல. பொணத்த அடையாளம் காட்டச் சொல்லி எங்கிட்டக் கேட்ட கேள்விதானுங்க இதெல்லாம்."

"அங்க முன்னாடியே வந்து ஆரும் சொல்லலீங்களா?"

"முந்தின நாளே வந்து சொன்னாங்க. சனமெல்லாம் மூட்டகூடக் கட்டிருச்சு." அவள் நோட்டை மூடினாள். "அப்ப ஒருத்தி எந்திரிச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு சிரிக்கச் சிரிக்கப் பேசி, எல்லாத்தையும் ஊட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டா. நொம்ப நல்லாப் பேசுனா. அது நாந்தானுங்க."