தட்டு மாற்றிய பிறகு

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி முடித்ததும், பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் நினைவுகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இருவருடைய போனையும் ஒட்டி வைத்தால் போதும்; ஒருவர் நினைவு மற்றவர் தலைக்குள் போய்விடும். “இதை நீ சொல்லவே இல்லையே” என்று பின்னாளில் சண்டை வராது.

மாப்பிள்ளை இளம்பரிதி போனை நீட்டியபோது அவன் தாய் மரகதவல்லி அவன் கையைப் பிடித்தாள்.

“டேய், என்னை மறந்துட மாட்டியே?”

“சபையில வச்சு சீன் போடாதம்மா.”

போன்கள் ஒட்டிக்கொண்டன. திரையில் ஒரு கேள்வி வந்தது.

‘அம்மா என்ற பெயரில் இரண்டு கோப்புகள் உள்ளன. புதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?’

மரகதவல்லி எட்டிப் படித்துவிட்டு, “வேணாம்டா!” என்று கத்தினாள். எதையும் படித்துப் பழக்கமில்லாத இளம்பரிதி அதற்குள் ‘சரி’யை அமுக்கிவிட்டான்.

அடுத்த நொடி அவன் பெண்ணின் தாயைப் பார்த்து, “அம்மா, பசிக்குதும்மா” என்றான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

மரகதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“பரிதி, என்னைப் பாருடா.”

பார்த்தான். அந்த முகத்தில் அவள் இதுவரை கண்டிராத மரியாதை இருந்தது.

“உக்காருங்க ஆன்ட்டி. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”