ஈரம் விட்ட தலையணை

ஒரு கட்டிலில் இரண்டு தலையணைகள் இருந்தன. ஒன்று இலவம் பஞ்சு அடைத்தது. மற்றொன்று புதிதாக வந்த ஃபைபர் தலையணை.

"என் மேல விழுந்த வேர்வையில ஒரு சொட்டைக்கூட நான் விட்டதில்ல. நீ வாங்கின கையோட உதறிடுறே. உனக்குப் பாசமே கிடையாது" என்று இலவம் பஞ்சு அடிக்கடி சொல்லும். ஃபைபர் தலையணை குறுகிப்போகும்.

ஒரு நாள் வீட்டுக்காரி வடிவுக்குக் கடும் காய்ச்சல். வேர்வையில் நனைந்த தலையணைகளை அவள் கணவன் பரஞ்சோதி மொட்டை மாடியில் காயப் போட்டான். திடீரென்று மழை கொட்டி ஓய்ந்தது. இரண்டும் தொப்பலாக நனைந்துவிட்டன.

மடித்த புடவையில் தலை வைத்து வடிவு முனகுவது மாடிவரை கேட்டது.

"அண்ணே, தண்ணியைப் பிடிச்சு வைக்காதீங்க. காத்துகிட்ட விட்டுடுங்க" என்றது ஃபைபர்.

"எனக்கு விடத் தெரியலையே" என்ற இலவம் பஞ்சு கல்லாய்க் கனத்துக் கிடந்தது.

ஃபைபர் தலையணை தன் இழைகளை எல்லாம் விரித்துக் காற்றுக்குக் கொடுத்தது. வெயில் சாய்வதற்குள் உலர்ந்துவிட்டது. பரஞ்சோதி அதை அள்ளிக்கொண்டு ஓடினான்.

வடிவு அதில் தலை சாய்த்துத் தூங்கினாள். காய்ச்சல் இறங்க இறங்க வேர்வை பெருகியது. தலையணை ஒவ்வொரு சொட்டையும் வாங்கி வெளியே அனுப்பியது. ஒருமுறைகூட அவள் ஈரம் உறுத்தி விழிக்கவில்லை.

எழுந்ததும், "ஏங்க, பசிக்குது" என்றாள்.

பரஞ்சோதி சிரித்துக்கொண்டே கஞ்சி வைக்க ஓடினான். தலையணை முதல்முறையாக நன்றாக உப்பி நிமிர்ந்தது.