இரண்டு மணி மோட்டார்

"தூங்கறதுக்கு ஒரு வாட்ச்மேன் எதுக்கு? இன்னிக்கே அனுப்பிடுங்கோ!" என்றாள் விஜயலக்ஷ்மி.

சொன்ன வேகத்தில் வலது நெற்றிப்பொட்டு விண்ணென்றது. ராத்திரி வந்த ஒற்றைத் தலைவலியின் மிச்சம்.

மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் செக்ரட்டரி சுந்தரராமன். எதிரே நின்றுகொண்டிருந்தார் வாட்ச்மேன் பொன்னுரங்கம்.

தெருக்குழாயில் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தண்ணீர் வரும். மூன்றரைக்கு நின்றுவிடும். அதற்குள் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புவது பொன்னுரங்கத்தின் வேலை. அந்த நேரத்தை விட்டால் அன்றைக்குக் குழாயில் காற்றுதான்.

"இந்த மாசம் நாலு தடவை" என்று தாளைப் பார்த்துப் படித்தார் சுந்தரராமன். "நாலாம் தேதி, பதினொண்ணு, பத்தொன்பது, இதோ இன்னிக்கு இருபத்தாறு."

"என் பையன் பரீட்சைக்குக் குளிக்காமப் போனான்" என்றாள் மூன்றாம் மாடி ஷண்முகப்ரியா.

"நீங்க குளியலைச் சொல்றேள். நான் விடிகாலம் நாலு மணிக்கு வாந்தி எடுத்துட்டுக் குழாயைத் திறந்தா, புஸ்ஸுங்கறது. வாய் கொப்பளிக்க ஒரு சொட்டு இல்லை!" என்றாள் விஜயலக்ஷ்மி.

"ஏம்ப்பா பொன்னுரங்கம், தூங்கிட்டியா?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"ஆமா சார். கண்ணு அசந்துட்டேன்."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்தான் சார்."

கூட்டத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வேலையிலிருந்து நிறுத்துவதாக எழுதிய தாளில் மளமளவென்று பதினோரு கையெழுத்து விழுந்தது. பாக்கி அவளுடையது.

"விஜி, வயசானவர். இன்னொரு மாசம் பார்க்கலாமே" என்று முணுமுணுத்தார் கணவர் அனந்தராமன்.

"ராத்திரி அவஸ்தைப்படறது நானா, நீங்களா?"

சாயங்காலம் விளக்கேற்றும்போதே அவளுக்குப் பயம் பிடித்துவிடும். இன்றைக்கு வருமா? படுத்தால் வருமா, படுக்காமல் உட்கார்ந்திருந்தால் வருமா? மயிலாப்பூர் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் அவள். போன மாதம் ஐந்து நாள் லீவு. "உடம்பு முடியலைன்னா யோசிச்சுக்கோங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. இந்த மாதம் எப்படியோ ஒரு நாளும் லீவு போடாமல் ஓட்டியிருந்தாள்.

"இருங்கோ சார். தலைவலிக்கு டாக்டர் எழுதச் சொன்ன நோட்டு ஒண்ணு இருக்கு. அதுல பார்த்தா தண்ணி வராத நாள் இன்னும் ரெண்டு தேறும். சேர்த்து எழுதியே கையெழுத்துப் போடறேன்."

தாளை வாங்கிக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினாள்.

நோட்டைப் பிரித்தாள். தேதி, வலி வந்த நேரம், விட்ட நேரம், சாப்பிட்டது, வெளிச்சம், சத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

போன மாதம் முழுக்கச் சத்தம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தைதான். மோட்டார், மோட்டார், மோட்டார். வலி விட்ட நேரம், மறுநாள் மத்தியானம்.

இந்த மாதம் நாலாம் தேதி. சத்தம்: இல்லை. பதினொன்று: இல்லை. பத்தொன்பது: இல்லை. வலி வந்த வேறு தேதியே நோட்டில் இல்லை. வலி விட்டது விடிகாலை நாலு, நாலரை. புது மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரிடம் சொல்லியிருந்தாள்.

இருபத்தாறு என்று எழுதப் பேனாவை எடுத்தவள், எழுதாமலே கீழே வைத்தாள்.

அவள் படுக்கையறைக்கு நேர் கீழேதான் மோட்டார் ரூம். இறங்கிப் போனாள். அங்கே பொன்னுரங்கம் லுங்கியை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தூங்கலை. இல்லையா?"

"இப்ப இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?"

"எனக்கு வலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொன்னுரங்கம் பையைக் கீழே வைத்தார். "தலைல வைக்க ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஐஸ் எடுத்து சிங்க்ல தட்டுவீங்களேம்மா, டக்கு டக்குன்னு. ராத்திரில கீழ நல்லா கேக்கும். போன மாசக் கடைசில ஒரு வாட்டி, அது கேட்டப்பறம் மோட்டாரைப் போட்டேன். வெளிய வந்து மேல பாத்தா, நீங்க ஜன்னலாண்ட வந்து, காதைப் பொத்திக்கினு அப்படியே குந்திட்டீங்க. அதுலேர்ந்து ஐஸ் சத்தம் கேட்டா நான் சுவிட்சாண்ட போறதில்ல."

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? உங்களாலதான் தண்ணி இல்லன்னு அத்தினி பேரும் உங்களைப் புடிச்சுக்குவாங்கோ. மோட்டாருக்கு சுவிட்ச் கீது, நிறுத்திக்கலாம். இவுங்க வாய்க்கு இன்னா கீது?"

அந்த வாய்களில் முதல் வாய் யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

"மேடம், கையெழுத்து ஆச்சா?" வெளியிலிருந்து சுந்தரராமன் குரல் கொடுத்தார்.

விஜயலக்ஷ்மி தாளை இரண்டாகக் கிழித்தாள்.

"அந்த நாலு நாளும் தண்ணி வராததுக்குக் காரணம் நான்தான் சார்! எல்லாரும் இங்க வாங்கோ, சொல்றேன்!" பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

பொன்னுரங்கம் பதறிப்போனார்.

"மெதுவாம்மா, மெதுவா! தலை வலிக்கப் போவுது!"