பதினான்கு பாய்ச்சல்

பல் டாக்டர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று மெக்கானிக் முடிவே கட்டிவிட்டான். லேப்டாப் திரையில் பதினான்கு என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

ஆயில் மாற்ற விட்டிருந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய டாக்டர், தெரு முனை தாண்டுவதற்குள் திரும்பி வந்திருந்தார். முதல் கியரில் வண்டி உதறுகிறது, கருகல் நாற்றம் அடிக்கிறது, என் வண்டியை என்ன பண்ணினீர்கள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறது நியாயம். சீறிப் பாய்வது இவராம், பழி மட்டும் ஒர்க்‌ஷாப்புக்காம்.

"இந்த கியர்பாக்ஸுக்கு ரெண்டு கிளட்ச் டாக்டர். ஒண்ணு, மூணு, அஞ்சாவது கியரை ஒரு கிளட்ச் பார்த்துக்கும். ரெண்டு, நாலு, ஆறை இன்னொண்ணு பார்த்துக்கும். அதுல முதல் கிளட்ச் மட்டும் கருகியிருக்கு. பதினாலு தடவை லாஞ்ச் போட்டிருக்கீங்க."

லாஞ்ச் என்றால் நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல். பந்தயக்காரர்கள் செய்கிற வித்தை. அப்படி ஒன்று இந்த வண்டியில் இருப்பதே தனக்குத் தெரியாது, கை தவறி எதையாவது அழுத்தியிருப்பேனோ என்னவோ என்று டாக்டர் இழுத்தார்.

"கை தவறி நடக்காது. ஒரு காலால பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே, இன்னொரு காலால ஆக்ஸிலரேட்டரை அடிமட்டம் வரைக்கும் மிதிக்கணும். அப்புறம் பிரேக்கை விடணும். தூக்கத்துல பண்ற காரியமா இது?"

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. எப்போது நடந்தது என்று உங்கள் லேப்டாப் சொல்லாதா என்று கேட்டார்.

சொல்லும். மெக்கானிக் தட்டிப் பார்த்தான். முதல் பாய்ச்சல் நடந்தபோது வண்டி ஓடியிருந்தது 18,216 கிலோமீட்டர். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்த அன்று ஜாப் கார்டில் அவன் கைப்பட எழுதியது 18,212.

அதற்குப் பிறகு வண்டியை வெளியே ஓட்டிப் பார்த்தவன் ஒரே ஒருவன்தான். புயல்.

அது பந்தயக் காலத்துப் பெயர். இவன் வண்டியைத் தயார் செய்வான், அவன் ஓட்டுவான், இரண்டு பேருமாகக் கோப்பைகளை அள்ளினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி சுவரில் மோதியது. கியர்பாக்ஸ் இறுகிவிட்டது என்றான் புயல். அதை மாட்டியவன் மெக்கானிக்.

அன்றோடு புயலின் இடது கால் முழுவதும் மரத்துப்போனது. காரில் ஏறும்போதுகூட அதைக் கையால் தூக்கித்தான் உள்ளே வைப்பான். அவனுக்காகவே மெக்கானிக், கிளட்ச் பெடல் இல்லாத இந்த வகைக் கார்களை மட்டும் எடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றை ஆரம்பித்தான். வலது கால் மட்டும் இருந்தால் போதும், ஓட்டிப் பார்க்கிற வேலையைப் புயல் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய பந்தய அணி ஒன்று மெக்கானிக்கை இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டது. புயலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இரண்டு முறையும் மறுத்துவிட்டான். மூன்றாவது அழைப்புக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், இதுதான் கடைசி. இந்தத் தடவையும் வேண்டாம் என்று சொன்னால் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று காலையில்தான் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

புயல் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் மழுப்பவில்லை.

"டாக்டரை ஒண்ணும் சொல்லாதே மாப்ளே, நான்தான். அந்தப் பழைய விமான ஓடுதளம் காலியா கிடந்துச்சு. ஒன்பது வருஷ ஆசைடா, அடக்க முடியல."

கண் கலங்கிச் சொன்னான். டாக்டருக்கே மனசு இளகிவிட்டது. கிளட்சை மாற்றிக் கொடுங்கள், போதும் என்று சொல்லி, ஒரு டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்.

ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்று நினைத்துவிட்டோமே என்று மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது. புயல் மேல் கோபமும் இருந்தது. ஆனாலும் மூடி மறைக்காமல் ஒப்புக்கொண்டானே, வேறு எவனாவது இருந்தால் சத்தியம் செய்து சாதித்திருப்பான்.

"என்னால உனக்கு எப்பவும் தலைகுனிவுதான்" என்றான் புயல், இடது தொடையைத் தடவியபடி. "நீ அந்த வேலைக்குப் போயிடு மாப்ளே. நான் எப்படியோ தவழ்ந்து காலத்தை ஓட்டிக்கிறேன்."

இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படிக் கிளம்புவான்? மெக்கானிக் செல்போனை எடுத்து, வர இயலாது, மன்னிக்கவும் என்று தட்டி அனுப்பினான். உடனே பதில் வந்தது. அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம், வாழ்த்துகளாம்.

நீதாண்டா எனக்கு எல்லாம் என்று புயல் அவன் தோளைக் கட்டிக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

கிளட்ச் ஏன் கருகியது என்று ஜாப் கார்டில் காரணம் எழுத வேண்டும். மெக்கானிக் பேனாவை எடுத்தான். பதினான்கு முறை லாஞ்ச், ஓட்டியவர் புயல் என்று எழுதினான். அடுத்த வரிக்குப் போன கை அப்படியே நின்றது.

பேனாவைக் கீழே வைத்தான். அவன் நிமிர்ந்து புயலைப் பார்த்தான்.

"பிரேக்கை எந்தக் காலால மிதிச்சே?"