புகார் சொல்லாத வீடு

“பதிமூணாம் நம்பரா? வாங்க தம்பி, வாங்க! எல்லாரும் இங்க பாருங்கப்பா, பதிமூணாம் நம்பர்லேர்ந்தே ஒருத்தர் வந்துட்டாரு!” என்று வாய் கொள்ளாச் சிரிப்போடு கதவைத் திறந்துவிட்டார், குடியிருப்போர் கூட்டத்தைத் தன் வீட்டில் கூட்டியிருந்த ஹெஸ்டர் அம்மா.

டாரனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. லிஃப்ட் மாதக்கணக்காக ஓடாததால் ஐந்து மாடியும் ஏறி வந்திருந்தான். ஆனாலும் ஒரு சின்ன சந்தேகம்கூட இல்லாமல் உள்ளே விட்டுவிட்டார்களே என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

ஏனென்றால் அவன் அங்கே குடியிருப்பவனே இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஆல்டர் கோர்ட் என்ற அந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் கம்பெனியின் ஆள். வீட்டைச் சொந்தக் காசில் வாங்கியிருந்தாலும் அடிமண் இன்னொருவருடையது என்பதால், அந்த நிலக்காரர் அமர்த்திய கம்பெனி வைத்ததுதான் அங்கே சட்டம்.

அந்த ஆட்டம் இப்போது முடிகிற நேரம். பாதி வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் கம்பெனியை வெளியே அனுப்பிவிட்டு நிர்வாகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்; சட்டத்தைத் திருத்தி அதைச் சுலபமாகவும் ஆக்கிவிட்டார்கள். யார் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு சலுகை காட்டிக் கலைத்துவிடலாம் என்று மேனேஜர் கிளைவ்தான் டாரனை வேவு பார்க்க அனுப்பியிருந்தார்.

“பதிமூணுன்னு சொல்லிக்க. இத்தனை வருஷத்துல அந்த வீட்லேர்ந்து ஒரு புகார்கூட வந்ததில்ல. யாரோ தங்கமான மனுஷன், அக்கம்பக்கத்துக்கே மூஞ்சி தெரிஞ்சிருக்காது. நம்ம ஆளுங்களும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல, அதனால உன்னையும் அங்க யாருக்கும் தெரியாது” என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

கூடம் நிறைய ஆட்கள், கையில் தேநீர்க் கோப்பைகள். டாரனுக்குப் பெரிய துண்டாக இஞ்சி கேக் வந்தது. போன வாரம்தான் மூன்றாம் நம்பருக்குக் குடிவந்திருந்த இமோஜன் என்ற பெண், யாரையும் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“மழை பேஞ்சா என் சமையக்கட்டுக்குள்ள கொடை புடிக்க வேண்டியிருக்கு. உங்க வீட்ல எப்படி தம்பி?” என்றார் ஹெஸ்டர்.

“ஒரு சொட்டு ஒழுகாதுங்க! அருமையான வீடு” என்றான் டாரன், உண்ட வீட்டை விட்டுவிட்டுச் சம்பளம் தரும் இடத்துக்கு விசுவாசமாக.

“குடுத்து வச்சவரு” என்று பெருமூச்சு விட்டார் பன்னிரண்டாம் நம்பர் நார்மன். பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவர்.

பதினாலாம் நம்பர் பெரிலுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் நின்றதிலிருந்து கடைத்தெருவையே பார்க்கவில்லை. “லிஃப்டாவது போவுது, இந்த மனுஷன் ஊதறதைக் கேளுங்க. அவருக்கும் எனக்கும் நடுவுல ஒத்தைச் சுவரு. அதைத் தொளச்சிக்கிட்டு நேரா என் கட்டிலுக்கே வந்துருது! கம்பெனிக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சிருச்சு.”

“சங்கீத ஞானம் வேணும், பெரில்” என்றார் நார்மன்.

“உங்களுக்குக் கேக்கறதில்லையா தம்பி?” என்று டாரனைக் கேட்டார் பெரில்.

“லேசாக் கேக்கும். நல்லாத்தான் வாசிக்கிறாரு.”

“பாத்தியா, ரசிகன்!” என்று நார்மன் தொடையில் தட்டிக்கொள்ள, கூடமே சிரித்தது. டாரனும் சேர்ந்து சிரித்துவிட்டு மெதுவாகத் தூண்டிலைப் போட்டான். “அப்ப, கையெழுத்து எவ்வளவு சேந்திருக்குங்க?”

ஹெஸ்டரின் முகம் வாடிவிட்டது. “அதை ஏன் கேக்கறீங்க. பாதி எங்க, கால்வாசிகூடத் தேறல. எல்லாருக்கும் பயம். இன்னியோட இதைக் கைவிட்டுரலாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்று கையெழுத்துத் தாளைக் கேக் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“அடடா” என்று டாரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னொரு துண்டு கேக்கோடு எழுந்தான்.

“இருங்க தம்பி, நானும் கெளம்பறேன். உங்க வீட்டு வாசல்வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்” என்றார் நார்மன்.

“ஐயோ வேணாங்க, பால் தீந்துபோச்சு, கடைக்குப் போகணும்!” என்று டாரன் படியிறங்கி ஓடினான். “சார், எல்லாம் புஸ்ஸுன்னு போயிருச்சு! நிம்மதியா இருங்க” என்று போனில் அவன் கத்தியது மாடிவரை கேட்டது.

ஹெஸ்டர் கதவைச் சாத்தினார். தட்டுக்கு அடியிலிருந்து தாளை உருவி, பேனாவோடு இமோஜனிடம் நீட்டினார். “பாதிக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நீ போட்டா நாளைக்கே வக்கீல்கிட்ட குடுத்துரலாம்.”

தாள் நிறையக் கையெழுத்துகள். இமோஜன் பேனாவைத் தொடவில்லை. வந்த வாரமே இப்படிப்பட்டவர்களிடமா மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“இவ்வளவு பேர் போட்டிருக்காங்களே! அந்த மனுஷனும் உங்க கூடக் குடியிருக்கறவர்தானே? அவர்கிட்டயே பொய் சொல்லி அனுப்பறீங்க. நாளைக்கு எனக்கும் இதே கதிதானா? உங்கள நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

பெரில்தான் முதலில் அடக்கமுடியாமல் சிரித்தார். நார்மனுக்குத் தேநீர் புரை ஏறியது.

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தக் கட்டடத்துல பதிமூணாம் நம்பர் வீடே கெடையாது, கண்ணு.”